பழைய ஃப்ளாஷும் ஈரத்தின் மேல் போட்ட பழியும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில், நடுவட்டம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நடந்தது இது. அப்போதும் இப்போதும் நான் அங்கே தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீசியன். குடியிருப்பதும் எஸ்டேட் குவார்ட்டர்ஸில்தான். இந்த விஷயத்தை என் கூடப்பிறந்தவர்களிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. மறந்துபோய் அல்ல, வெட்கத்தால். இதில் யார் பெயரும் வேண்டாம், என் பெயர் உட்பட.

முதலில் எங்கள் பக்கத்து ஈரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூடலூர் போகிற சாலையில் மேற்குப் பார்த்த சரிவு எங்களுடையது. ஆனி பிறந்தால் ஐப்பசி வரைக்கும் மேகம் வீட்டுக்குள் வந்து குடும்பம் நடத்தும். தீக்குச்சி பற்றாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். கட்டிலுக்குக் கீழே கழற்றிப்போட்ட செருப்பு ஒரு வாரத்தில் பூசணம் பூத்துவிடும். அதனால் இங்கே எது கெட்டாலும் எல்லோருக்கும் ஒரே காரணம்தான், ‘ஈரம் ஏறிடுச்சு.’ மிக்சி ஓடவில்லையா, ஈரம். டிவியில் கோடு விழுகிறதா, ஈரம். முட்டி வலிக்கிறதா, அதுவும் ஈரம். வேலை தெரியாத மெக்கானிக்குக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்பதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. மீட்டரை வைத்து அளக்காமல் எந்தக் கோளாறையும் நான் சொன்னதில்லை. “அவர் சொன்னா சரியா இருக்கும்” என்று எஸ்டேட்டில் பேர் எடுத்து வைத்திருந்தேன்.

அந்தப் பேருக்கு ஒரு சாட்சியும் இருந்தது. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் நானே ஒரு சின்ன அலமாரிப் பெட்டி செய்து, உள்ளே ஒரு குட்டி பல்பு மாட்டி, இரவும் பகலும் எரிய விட்டிருந்தேன். அந்த வெதுவெதுப்பில் எதை வைத்தாலும் ஈரம் அண்டாது. மனைவியின் பட்டுப்புடவை, வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் அதற்குள்தான். பக்கத்து வீட்டுப் பெண் தன் கேமராவையும் கொண்டுவந்து அதில் வைத்துவிட்டாள். ஏனென்றால் இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் நூல் நூலாகப் பூசணம் பிடித்துவிடும்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊட்டி காந்தலில் பிறந்து வளர்ந்தவள். அவள் கணவர் எங்கள் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்துகிற ட்ரையரில் வேலை செய்கிறார். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயதிருக்கும். எங்கள் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நடக்கிற காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவள்தான் போட்டோ எடுப்பாள். வெளியூர் போட்டோகிராபர்கள் இந்த மழையில் மலையேறி வர யோசிப்பார்கள். இவள் முழங்கால் வரை அட்டை ஏறினாலும் நடந்து போய் நிற்பாள். கல்யாணத்துக்குப் போட்ட வளையல்களில் இரண்டு அந்தக் கேமராவுக்குள் போயிருந்தது. நல்ல கேமரா, புது மாடல். எனக்கு அவள் தங்கச்சி முறை. கதவைத் தட்டாமல் நேராக எங்கள் அடுப்படிக்கு வந்து டீ போட்டுக் குடிக்கிற அளவுக்குச் சொந்தம்.

அந்த வருடம் மானேஜர் பங்களாவின் ஸ்டோர் ரூமை ஒழித்தபோது ஒரு பழைய ஃப்ளாஷ் கன் கிடைத்தது. தோல் உறை, ஒரு சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, நல்ல கனம். ஃபிலிம் போட்டு எடுக்கிற கேமரா காலத்துச் சாமான். “வேணும்னா எடுத்துக்கப்பா” என்றார் மானேஜர். பேட்டரி போடுகிற இடம் பச்சைப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. எலுமிச்சைச் சாறு விட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நாலு பென்சில் பேட்டரி போட்டேன். உள்ளேயிருந்து கொசு பாடுகிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். சத்தம் ஏறி ஏறிப் போய், பின்னால் ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பட்டனை அழுத்தினேன். அறை முழுக்க ஒரு மின்னல். எத்தனையோ வருடம் செத்துக் கிடந்ததை எழுப்பிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றே அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் ஆசையாக வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆனால் கேமராவில் மாட்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாமுங்ணா. பழைய ஃப்ளாஷ்ல வோல்டேஜ் எக்கச்சக்கமா வருமாமுங்க. பழைய கேமராவுக்கு அது ஒண்ணும் பண்ணாது, இந்த டிஜிட்டலுக்குள்ள ஏறுச்சுன்னா சர்க்யூட் போயிருமாமா. நல்லா அளந்து பாத்துட்டு வேணா அப்புறமா மாட்டலாமுங்க.”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்கோ சுருக்கென்றது. இருபத்தாறு வருடம் கரண்டோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு, நேற்று வந்த பெண் வோல்டேஜ் பாடம் எடுக்கிறாளா என்று தோன்றியது. சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தச் சுருக் உள்ளேயே இருந்தது.

ஒரு சனிக்கிழமை. எனக்குக் காலை ஷிஃப்ட் முடிந்துவிட்டது. மனைவி ஊட்டி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வெளியே மழை. மறுநாள் காலை லயத்தில் ஒரு கல்யாணம், பக்கத்து வீட்டுப் பெண்தான் போட்டோ. கேமரா என் பெட்டிக்குள், பல்பு வெளிச்சத்தில் இருக்கிறது. ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்த்து, நல்ல படமாக ஒன்று எடுத்து அவளிடம் காட்டினால் அவள் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

அளக்காமல் மாட்டவில்லை. அதுதான் இதில் பெரிய கேவலம். மீட்டரை எடுத்தேன். ஃப்ளாஷில் பேட்டரியைப் போட்டதும், கேமராவைத் தொடுகிற இடத்தில் மீட்டர் ஒயரின் இரண்டு முனையையும் வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட் சொச்சம் காட்டியது. ‘இதுக்கா அவ்வளவு பயம்’ என்று மீட்டரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கொசுச் சத்தம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. ஆரஞ்சு விளக்கு எரியவே இல்லை. உள்ளே கரண்ட் நிரம்பி முடிவதற்கு முன்னால் அளந்தால் மீட்டர் வேறு எதைக் காட்டும்? ஃபேக்டரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தருகிற முதல் விஷயமே, ‘மெஷின் முழு லோடுல ஓடறப்ப அளந்துதான் பேசணும்’ என்பது. எனக்கு வேண்டிய எண் கிடைத்ததும் அதையே மறந்துவிட்டேன்.

கேமராவில் மாட்டி முதல் படம் எடுத்தேன். மழைக்காலமாதலால் எங்கள் வீட்டில் துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயும். அங்கே தொங்கிய மனைவியின் ஸ்வெட்டரைத்தான் எடுத்தேன். பாதிப் படம் பளிச்சென்றும் பாதிப் படம் கரி பூசின மாதிரியும் வந்தது. யோசித்துப் பார்த்தேன். புது ஃப்ளாஷ் என்றால் கேமராவும் அதுவும் தங்களுக்குள் பேசிக்கொண்டு வேகத்தைச் சரிசெய்துகொள்ளும். இந்தக் கிழடுக்குப் பேசத் தெரியாது, நாம்தான் கையால் ஷட்டரின் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தேன். இரண்டாவது படம் அற்புதமாக வந்தது. ஸ்வெட்டரின் ஒவ்வொரு இழையும் எண்ணிவிடலாம் போல இருந்தது. தனியாகவே நின்று சிரித்தேன்.

மூன்றாவது முறை அழுத்தினேன். கேமரா ‘டக்’ என்றது. ஃப்ளாஷ் எரியவில்லை.

திரும்ப அழுத்தினேன். இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். இல்லை. ஃப்ளாஷின் பட்டனைத் தனியாக அழுத்தினால் எரிகிறது, கேமரா சொன்னால் எரிய மாட்டேன் என்கிறது. கேமராவோடு அவள் வைத்திருந்த புது ஃப்ளாஷை எடுத்து மாட்டிப் பார்த்தேன். அதுவும் அப்படியே. பழையதை மறுபடி எடுத்து, ஆரஞ்சு விளக்கு எரியும் வரை காத்திருந்து, மீட்டரை வைத்தேன். இருநூற்று முப்பதுக்கு மேல் காட்டியது. சுவர் பிளக்கில் வருகிற அளவு. அதைத்தான் அந்தக் கேமராவின் தலையில் ஏற்றியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதவே கூசுகிறது. இருட்டாக விழுந்தவற்றையும் சேர்த்து, எடுத்த ஆறு படங்களையும் அழித்தேன். கேமராவைத் துணியால் துடைத்தேன், என் விரல் அடையாளம் தெரிந்துவிடுமோ என்கிற மாதிரி. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே, வார் மடிப்பு மாறாமல், பெட்டிக்குள் வைத்துச் சாத்தினேன். பழைய ஃப்ளாஷை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினேன். ராத்திரி முழுக்க பல்பு சூட்டில் இருந்தால் காலையில் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எரிந்துபோன சர்க்யூட் சூட்டில் சரியாகாது என்று ஒரு எலெக்ட்ரீசியனுக்குத் தெரியாதா என்ன?

ஞாயிறு காலை வெள்ளென வந்தாள். அதே கல்யாணத்துக்கு சீரியல் லைட் போட்டவன் நான்தான் என்பதால் நானும் ஒரே ஜீப்பில் போக வேண்டும். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியிலிருந்து கேமராவை எடுத்ததும் எங்கள் வாசலில் நின்று, ஃப்ளாஷை மாட்டி, ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அன்றும் ஃப்ளாஷைக் கையில் எடுத்தாள். என் வாய் தானாகத் திறந்தது.

“அட, ஜீப் நிக்குதும்மா. அங்க போய்ப் பாத்துக்கலாம், ஏறு.”

அவள் சரிங்ணா என்று பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள். அப்போது அவள் அந்த ஒரு படத்தை எடுத்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். கூடலூரில் அவளுக்குத் தெரிந்த ஒருவரிடம் இன்னொரு கேமரா இருந்தது. முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வாங்கி வந்திருக்கலாம். இதெல்லாம் ஜீப்பில் போகும்போதே எனக்குத் தெரியும். அவள் மடியில் பையை அணைத்துக்கொண்டு, பெட்டி இருப்பதால்தான் இந்த மழையிலும் தனக்குப் பயமே இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

பெண் வீட்டார் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். லயத்தை ஒட்டிய கோவிலில் தகரம் வேய்ந்த சின்ன மண்டபத்தில் கல்யாணம். இரண்டே டியூப் லைட், ஹோமப் புகை, திறந்த பக்கமெல்லாம் மேகம். ஃப்ளாஷ் இல்லாமல் ஒன்றும் தேறாத இடம். போய் இறங்கியதும் பெண் அலங்காரத்துக்கு அவளை இழுத்துப் போய்விட்டார்கள். அங்கே ஜன்னலோரம் வெளிச்சம் இருந்ததால் ஃப்ளாஷ் தேவைப்படவில்லை. மணவறைக்கு முன்னால் வந்து நின்றுதான் முதல் முறையாக அழுத்தினாள்.

எரியவில்லை. நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது பேட்டரி மாற்றினாள். ஃப்ளாஷைக் கழற்றி, அது உட்காருகிற இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், வாயால் ஊதினாள், மறுபடி மாட்டினாள். மழைக் குளிரிலும் அவள் மேலுதட்டில் வியர்வை. கெட்டிமேளம் என்று யாரோ குரல் கொடுத்தபோது அவள் தலை குனிந்து இரண்டாவது தடவையாகப் பேட்டரி மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது தாலி ஏறியிருந்தது. மூன்று முடிச்சில் ஒரு முடிச்சுகூட அவள் கேமராவில் விழவில்லை. போனில் எடுத்தவர்களின் படங்களில் அட்சதை போட உயர்ந்த கைகள்தான் இருந்தன.

பெண்ணின் தாய்மாமன் சத்தம் போட்டார். “ஏம்மா, தாலி கட்டுறது என்ன தினமுமா நடக்குது? வேல தெரியாட்டி எதுக்கு ஏத்துக்கிட்ட?” என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். பெண்ணின் அம்மாவும், பொம்பளைப் பிள்ளையை நம்பிக் கொடுத்தது நம் தப்பு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவள் கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது யாரோ, “எலெக்ட்ரீசியன் இருக்காரே, அவர பாக்கச் சொல்லுங்க” என்றார்கள். கேமரா என் கைக்கு வந்தது.

மொத்தக் கூட்டமும் என் முகத்தைப் பார்க்கிறது. அவளும் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை, என்னவென்று நான் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை மட்டும்தான். நான் கேமராவை அப்படி இப்படித் திருப்பினேன். ஃப்ளாஷ் மாட்டும் இடத்தை உற்றுப் பார்ப்பதுபோல் நடித்தேன். பிறகு சொன்னேன்:

“ஈரம் ஏறியிருக்கு.”

“உங்க பெட்டியிலதானுங்ணா இருந்துச்சு” என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டாள். ஆனால் அது என் பெட்டியின் மேல், என் பேரின் மேல் வந்து விழுந்தது. அடுத்து என் வாயிலிருந்து வந்ததைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

“போன வாரம் மழையில நனைச்சுட்டு வந்தியே, அன்னிக்கே உள்ள போயிருக்கும். நீதான் கவனிக்கல.”

போன வாரம் அவள் தான் நனைந்தாளே தவிர கேமராவை நனைக்கவில்லை. இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றிக் குழந்தையைப் போலக் கொண்டுவந்தாள், என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனாலும் நான் சொன்னதும் அவள் தலையாட்டினாள். இருக்கும் என்பது மாதிரி. தாய்மாமன், “பாத்தீங்களா, கவனமில்ல” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் மிச்சக் கல்யாணத்தை மங்கலும் ஆட்டமுமாக எடுத்து முடித்து, சாப்பிடாமல் கிளம்பினாள். நான் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்கப்புறம் கேமராவைக் காயவைக்க வேண்டும் என்று அவளே கொண்டுவந்து மறுபடி என் பெட்டியில் வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினைந்து நாள் அது பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. ரேஷன் கார்டு எடுக்கத் திறந்தால்கூட அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். என் மனைவியை விட்டு எடுக்கச் சொல்லிவிடுவேன். காய்ந்த பிறகும் ஃப்ளாஷ் எரியவில்லை என்றதும், கோயமுத்தூருக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்றாள் மனைவி. பக்கத்து வீட்டுப் பெண்தான் வேண்டாமென்று விட்டாள். வந்த இரண்டு வளைகாப்பையும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் பேக்கிங் செக்‌ஷனில் மோட்டார் பார்க்கப் போனேன். தலையில் தொப்பியும் வாயில் துணியுமாகத் தேயிலைத் தூள் நிரப்புகிற வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தினக்கூலிக்குச் சேர்ந்து நாலு நாள் ஆகிறதாம். டீ நேரத்தில் என்னைப் பார்த்து வெளியே வந்தாள். கேமராவை விற்றுவிடலாம் என்று இருப்பதாகவும் நல்ல ஆளாக நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள். ஏன் விற்க வேண்டும் என்று கேட்டேன், தெரியாதவன் மாதிரி.

“எனக்குக் கவனம் பத்தலீங்ணா” என்றாள். “அந்தக் கல்யாணத்து கார்டுல பாத்தனுங்க, நடுவுல ஆறு நம்பர் காணோம். என்ன படம் எடுத்தேன், எப்ப அழிச்சேன்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகமே வரமாட்டீங்குது. கேமராவ நனைச்சதும் ஞாபகமில்லீங்க. ஆனா நனைச்சிருக்கறேன்னுதானே நீங்க சொன்னீங்க. எனக்கு மண்டைக்குள்ள என்னமோ ஆகுதோன்னு பயமா இருக்குங்ணா. அடுப்ப அணைச்சனான்னு மூணு தடவ திரும்பி ஊட்டுக்குப் போய்ப் பாக்கறேன்.”

நான் ஒரு கேமராவைக் கெடுத்தேன், ஒரு கல்யாணத்தைக் கெடுத்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தன் கண்ணையும் தன் ஞாபகத்தையும் நம்ப முடியாதபடி ஒரு பெண்ணை ஆக்கிவைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. நான் அழித்த ஆறு ஸ்வெட்டர் படத்தைத் தன் மண்டைக்குள் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள், ஐந்து மாதமாக.

அங்கேயே, ஃபேக்டரிச் சுவரோரம் நின்று சொன்னேன். ஃப்ளாஷை மாட்டியது, அரைகுறையாக அளந்தது, மூன்றாவது படத்தில் செத்தது, அழித்தது, துடைத்தது, வாசலில் அவசரப்படுத்தியது, மழை என்று சொன்னது, எல்லாம். நடுவில் நிறுத்தினால் பொய் வந்துவிடும் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன். அவள் வாய்த் துணியைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆறு படமும் நீங்க எடுத்ததுங்களா?”

“ஆமாம்மா.”

“அப்ப எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அது கோபமா நிம்மதியா என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் யோக்கியதை இல்லை. மணி அடித்ததும் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. கேமராவைச் சரிசெய்து தருகிறேன் என்று நான் சொன்னதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எங்கிட்ட சொன்னது பத்தாதுங்க. அந்தக் கல்யாண ஊட்டுல வந்து சொல்லுங்க. அத்தன பேர் முன்னாடிதானே என்னைச் சொன்னீங்க.”

‘அண்ணா’ அந்த வாக்கியத்தில் இல்லை என்பதை அப்போதே கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அவளும் நானும், கூட என் மனைவியும். முந்தின நாள்தான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. லயத்து வீட்டில் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். தாய்மாமனையும் கூப்பிடச் சொன்னேன். பக்கத்து வீடுகளிலிருந்தும் நாலைந்து பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அன்று கேமராவைக் கையில் வாங்கினபோது எத்தனை கண் என்னைப் பார்த்ததோ அத்தனை கண்ணும் திரும்ப வந்த மாதிரி இருந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன். கேமராவைக் கெடுத்தது நான், பொய் சொன்னது நான், இந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை என்று முடித்தேன்.

தாய்மாமன் என்மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தரையையே பார்த்தார். பெண்ணின் அம்மாதான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

“போட்டோ போனா போகட்டும் தம்பி. எங்க புள்ள நல்லா இருக்கு, அது போதும். ஆனா நீங்க சொன்னத நம்பி, ஒரு பாவமும் அறியாத இந்தப் புள்ளைய நல்ல நாளும் அதுவுமா நாங்க பேசாத பேச்செல்லாம் பேசிட்டோமே. அத யாரு திருப்பி எடுக்கிறது? உங்க பொய்யில எங்களையும் கூட்டுச் சேத்துட்டீங்களே.”

அவர் எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களை மன்னிச்சிரும்மா என்றார். தாய்மாமனும் ஏதோ முணுமுணுத்தார், அவர் கண் கலங்கியிருந்தது. தப்பு செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதை உட்கார்ந்து பார்த்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று நினைக்கிறேன்.

கேமராவைக் கோயமுத்தூரில் கொடுத்துச் சரிசெய்து கொண்டுவந்தேன். அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. வைகாசியில் அந்த வீட்டிலேயே பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தது. படம் எடுக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள், அவளும் போனாள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. படங்களை மனைவி பார்த்துவிட்டு வந்து ரொம்ப நன்றாக இருந்ததாகச் சொன்னாள். அந்தப் பெண் இப்போது பழையபடி எல்லா விசேஷத்துக்கும் படம் எடுக்கப் போகிறாள்.

கேமராவை மட்டும் அவள் என் பெட்டியில் வைப்பதில்லை. தன் வீட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்களைப் போட்டு வைத்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று ‘அக்கா’ என்று என் மனைவியைக் கூப்பிடுகிறாள். என்னைப் பார்த்தால் “நல்லா இருக்கறீங்களா” என்று மரியாதையாகக் கேட்கிறாள். அந்த மரியாதைக்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பழைய ஃப்ளாஷை நான் தூக்கிப் போடவில்லை. ஃபேக்டரிக்குப் புதிதாக யாராவது வேலைக்கு வந்தால், அதில் பேட்டரி போட்டு, உடனே ஒரு தடவையும் ஆரஞ்சு விளக்கு எரிந்த பிறகு ஒரு தடவையும் அளக்கச் சொல்கிறேன். இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து அவர்கள் வாய் பிளப்பார்கள். அந்தத் தூரத்தில் என்ன நடந்தது என்பதை இதுவரை அவர்களுக்குச் சொன்னதில்லை. இப்போது இங்கே சொல்லிவிட்டேன்.

மழை பிடித்துவிட்டால் இன்றும் யாராவது ஒருவர் மிக்சியையோ ரேடியோவையோ தூக்கிக்கொண்டு வந்து, ஈரமாக இருக்குமோ என்று கேட்கிறார்கள். பாதி நேரம் உண்மையிலேயே ஈரம்தான். ஆனாலும் இந்த மலையில் சின்னப் பிள்ளைகூடச் சாதாரணமாகச் சொல்கிற அந்த ஒரு சொல்லை, என்னால் இன்றுவரை நாக்கு கூசாமல் சொல்ல முடியவில்லை.